மாமாவும் லிப்ரேடஸும்

"போக்கரில் கணினி எதிராளியின் மனதை எப்படிப் படிக்கிறது?" என்று கரூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். படிப்பதே இல்லை என்பதுதான் விசேஷம்.

எந்தச் சீட்டு பெரியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேரே பந்தயத்துக்கு வருவோம். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. கையில் ஒன்றுமில்லாமலே நீங்கள் இன்னொரு 100 கட்டி மிரட்டுகிறீர்கள். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்தால் நடுப்பணம் உங்களுக்கு. துணிந்து ஈடு கட்டினால் உங்கள் 100 போச்சு. ஆகவே அவர் பாதிக்கு மேற்பட்ட தடவை கவிழ்ப்பவர் என்றால், வெறுங்கையோடு மிரட்டுவதே லாபம். கவிழ்க்கவே மாட்டேன் என்கிற ஆசாமியிடம் மிரட்டல் செல்லாது. நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து தாராளமாகக் கட்ட வேண்டும்.

என் தாய்மாமா இரண்டாம் ரகம். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து மூணு சீட்டு ஆடுவோம். 'அப்படி என்னதான் வெச்சிருக்கேன்னு பார்த்துடறேன்' என்று கடைசிவரை கட்டிக்கொண்டே போவார். ஒரு கல்யாணத்தில் நான் மிரட்டலை அறவே நிறுத்தி, நல்ல சீட்டுக்கு மட்டும் கட்டி அவர் சட்டைப்பையைக் காலி செய்தேன். அடுத்த கல்யாணத்தில் நான் காசை எடுத்ததுமே சீட்டைக் கவிழ்த்தார். "நீ கட்டினாலே நல்ல சீட்டுதான், மாப்ளே!"

அவர் பழக்கத்துக்குத் தக்கபடி வளைந்ததில் எனக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. மாமா அதைப் பிடித்துவிட்டார்.

இந்த ஆபத்தைத் தவிர்த்த இயந்திரம்தான் லிப்ரேடஸ். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் துவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கியது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதி ஒன்றில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு, ஒற்றைக்கு ஒற்றையாக மோதியது. 20 நாள், 1,20,000 ஆட்டம். முடிவில் 17 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள சில்லுகள் இயந்திரத்தின் பக்கம் குவிந்திருந்தன.

எனக்குப் பிடித்தது அந்த ராத்திரிகள். பகல் ஆட்டம் முடிந்ததும் நால்வரும் கூடி, இயந்திரம் எங்கே தடுமாறுகிறது என்று அலசுவார்கள். மறுநாள் வழக்கமில்லாத தொகைகளைக் கட்டிச் சீண்டிப் பார்ப்பார்கள். அதே ராத்திரியில் லிப்ரேடஸும் விழித்திருக்கும். எதிராளிகளின் பலவீனத்தை அது தேடவில்லை. அவர்கள் கட்டிய எந்தெந்தத் தொகைக்குத் தன்னிடம் சரியான பதில் இல்லை என்று பார்த்து, அந்த ஓட்டைகளை ஒரு மீக்கணினியில் கணக்கிட்டு அடைக்கும். நால்வரும் கண்டுபிடித்த சந்து விடிவதற்குள் மூடியிருக்கும்.

நாமோ தோற்ற ராத்திரியில் எதிராளியின் அதிர்ஷ்டத்தைத் திட்டிக்கொண்டே தூங்கிப்போகிறோம்.

இதைப் படித்துவிட்டு யாராவது காசு வைத்து ஆடக் கிளம்பினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் போட்டுவிட்டது. கரூர் வாசகருக்கு என் யோசனை: வீட்டாரோடு புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். நீங்கள் எப்போதெல்லாம் மிரட்டினீர்கள், எப்போதெல்லாம் பயந்தீர்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எதிராளிக்குப் பக்கம் ஒதுக்க வேண்டாம்.