மிளகாய்ப் பூவும் 'சேர்க்கை' என்னும் சொல்லும்

அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத் தொட்டியில் நான் வளர்த்த மிளகாய்ச் செடி, மூன்று வாரம் விடாது பூத்தும் ஒரு காயும் தரவில்லை. பூக்கள் காம்போடு மஞ்சளித்து உதிர்ந்தன. நீரையும் உரத்தையும் மாற்றிப் பார்த்த பின்னரே குறை எங்குள்ளது என்பது விளங்கிற்று.

மிளகாய்ப் பூ இருபாற்பூ. ஐந்தோ ஆறோ மகரந்தத் தாள்கள் நடுவிலுள்ள சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கும். இது தன்மகரந்தச் சேர்க்கைக்கு உரியது என்பர். கூற்று சரியே, எனினும் 'தன்' என்னும் அடை நம்மை ஏமாற்றிவிடுகிறது. 'தானே நிகழும்' என்று மாணவர் பொருள் கொள்கின்றனர். தன் தாதைத் தானே ஏற்கும் என்பதே அதன் பொருள். மகரந்தப்பை வெடித்தபின் தாது சூல்முடியை நன்கு அடைவதற்குக் காற்றின் அசைவோ தேனீயின் தொடுகையோ துணைசெய்ய வேண்டும். மூடிய அறையில் இரண்டும் அரிது.

'மகரந்தம்' வடமொழியில் பூந்தேனைக் குறித்த சொல். தமிழில் பூந்தூளுக்கு நிலைத்துவிட்டது. சங்கப் பாடல்கள் அறிந்த சொல் 'தாது'. அது போகட்டும், பெரிய இடர் 'சேர்க்கை'யில் உள்ளது. தாது சூல்முடியில் படிவது ஒரு நிகழ்ச்சி. படிந்த தாது முளைத்து, குழாயாக நீண்டு, சூலகத்தினுள் இருக்கும் சூலைக் கருவுறச் செய்வது மற்றொன்று. 'சேர்க்கை' என்றதும் மாணவர் இரண்டையும் ஒன்றாக்கி விடையெழுதுகின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. சொல்லாராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த நானும் உதிர்ந்த பூக்களைக் கண்ட பின்னரே அவ்வேறுபாட்டை உணர்ந்தேன். வகுப்பில் முதல் நிகழ்ச்சியைத் 'தாது படிதல்' என்று ஒருமுறை விளக்கிவிட்டுக் கலைச்சொல்லுக்குச் செல்லலாம்.

பூ விரிந்த நாளின் முற்பகலில், மகரந்தப்பைகள் வெடித்துத் துகள் தென்படும்போது, மென்தூரிகையால் பூவின் நடுவைத் தடவுக. காம்பை விரலால் மெல்லத் தட்டினும் பெரும்பாலும் போதும். கவிழ்ந்து தொங்கும் பூவில் தாது கீழ்நோக்கி உதிர்ந்து சூல்முடியில் விழும். மிகச் சிறிதே படிந்தால் விதை குறைந்து காய் கோணலாகும்.

தூரிகையால் ஆகாததும் உண்டு. பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது தாதின் முளைதிறன் குன்றத் தொடங்கும். பிறகு படிந்தும் பயன் குறைவு. பிற்பகலில் நம் சன்னலோரங்கள் அவ்வெப்பத்தை எளிதில் எட்டிவிடுகின்றன. தூரிகை முதல் நிகழ்ச்சியை மட்டுமே செய்யவல்லது. தொட்டியைக் காற்றோட்டமுள்ள வேறொரு சன்னலுக்கு மாற்றி, நாள்தோறும் காம்பைத் தட்டிவந்த பின், நான்கு பூக்களில் இதழ் வாடியும் காம்பு பசுமையாகவே நின்றது.