பன்னிரண்டு மாதக் கணக்கு

2023 இல் இலங்கையின் வேலையின்மை 4.7 வீதம். இந்த எண்ணை எடுக்கும் தொழிற்படை அளவீட்டில், கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் வேலையுள்ளவர்தான். யாழ்ப்பாணத்தின் குருநகரில் கிழமைக்கு ஒருநாள் கடலுக்குப் போகிறவரும், சுன்னாகத்தில் அரைநாள் வெங்காயம் கிண்டப் போகிற பெண்ணும் அந்த 4.7 க்குள் அகப்படமாட்டார்கள். ஆகவே தன் பங்கில் எத்தனை வீட்டில் உழைப்பு நின்றுபோயிருக்கிறது என்று அறிய விரும்பும் பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ அரசாங்க அட்டவணை உதவாது. அவர் வீடு வீடாகக் கேட்கவேண்டியது ஒன்றுதான்: போன மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது?

பன்னிரண்டு நாள் என்று பதில் வருகிறதென வைப்போம். நாட்கூலி 2,500 ரூபாய் என்றால் மாத வரவு 30,000. ஒருவருக்கான உத்தியோகபூர்வ வறுமைக்கோடு 2019 இல் மாதம் 6,966 ரூபாயாக இருந்து, 2022 முடிவில் ஏறத்தாழ 13,800 ஆனது. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு அது 69,000. ஞாயிறு தவிர்ந்த 26 நாளும் அதே கூலிக்கு வேலை கிடைத்தாலும் 65,000 தான் வரும்.

அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. ஆளுக்கு நாளொன்றுக்கு 250 கிராம் அரிசி என்று சிக்கனமாகப் பிடித்தாலும் ஐந்து பேருக்கு மாதம் 37.5 கிலோ வேண்டும். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு விதித்த கட்டுப்பாட்டு விலை கிலோ 230. அரிசிக்கு மட்டும் 8,625. பத்தாயிரத்தில் மிஞ்சுவது 1,375 ரூபாய். 2024 ஜூலையில் 12.5 கிலோ லிட்ரோ காஸ் சிலிண்டரின் விலை 3,690. சோற்றை எதில் வேகவைப்பது என்பதற்கே அந்தப் பணத்தில் பதில் இல்லை.

இந்த நிலைக்கு வந்த வழி நீளமானது. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. அதற்கு ஈடான பெருந்தொழில் ஒன்று பிறகு குடாநாட்டுக்கு வரவில்லை. கடலில் இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. 25 லீட்டர் ஊற்றிக்கொண்டு போகும் படகுக்கு எண்ணெய்ச் செலவு 2,175 இலிருந்து 8,500. விலை பின்னர் இறங்கியது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்றவருக்கு அந்த இறக்கத்தால் என்ன பயன்?

யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் கிறிஸ்தவர். தேவாலயங்கள் உதவாமல் இல்லை. கரித்தாஸின் யாழ் கிளையான ஹியூடெக் இருக்கிறது. 1833 இல் பாரிசில் தொடங்கி இங்கும் வேர்விட்ட வின்சன்ட் டி போல் சபையினர் வீடு தேடிப் போகிறார்கள். தென்னிந்திய திருச்சபைக்கும் மெதடிஸ்தருக்கும் தத்தம் சமூகப் பணிகள் உண்டு. என் மனத்தாங்கல் தொகையைப் பற்றியதல்ல, காலத்தைப் பற்றியது. வேலையின்மை மாதக்கணக்கில் நீள்கிறது. உதவியோ நத்தாருக்கும் தவக்காலத்துக்கும் பெருநாளுக்கும் வருகிறது.

ஒரு பங்கு நத்தாருக்கு 60 குடும்பங்களுக்குத் தலா 5,000 ரூபாய்ப் பொதி கொடுத்தால் செலவு 3 இலட்சம். தை பிறப்பதற்குள் பொதி தீர்ந்துவிடும். அதே 3 இலட்சத்தில் 5 குடும்பங்களுக்கு மாதம் 5,000 வீதம் ஓராண்டு முழுவதும் கொடுக்கலாம். மற்ற 55 குடும்பங்கள் கேட்கும் கேள்விக்குப் பங்குச் சபை பதில் வைத்திருக்கவேண்டும். இது இலேசல்ல, சண்டை வரும். பலர் பொதியையே விரும்புவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பொதியைக் கைவிடாமலே மாத உதவிக்கு வழி ஒன்று உண்டு: பிடியரிசி. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென எடுத்து வைக்கிறார்கள். நமக்கும் இது புதிய வழக்கமல்ல. நூறு வீடுகள், நாளுக்கு ஒரு பிடி, பிடிக்கு 50 கிராம். மாதத்தில் 150 கிலோ சேரும். மேலே சொன்ன கணக்கில் நான்கு வீடுகளின் முழு அரிசித் தேவை அது, பணமாக 34,500 ரூபாய். காணிக்கைத் தட்டில் ஒரு சதமும் குறையாது.

அரிசிக்கு அடுத்தது கடன். நுண்கடனுக்கு மத்திய வங்கி 2018 இறுதியில் விதித்த உச்ச வட்டியே ஆண்டுக்கு 35 வீதம். ஒரு இலட்சத்துக்கு முழு ஆண்டுக்கும் 35,000 என்று எளிமையாகக் கணக்கிடலாம். அதே கடனைச் சிக்கன கடனுதவிச் சங்கம் ஒன்றின் வழியாக 12 வீதத்துக்கு மாற்ற முடிந்தால் மிச்சம் 23,000. பங்கு அதற்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை, பிணை நிற்க ஆட்களைக் கொடுத்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு 23,000 ரூபாய்க்குப் பொதி கொடுக்கும் பங்கு எங்கே இருக்கிறது?

ஊருக்குள் வேலை பழகிய மேசனுக்கும் தச்சருக்கும் கையில் தொழில் உண்டு, கடதாசி இல்லை. முன்னைய கற்றலை அங்கீகரித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் இருக்கிறது. படிவம் நிரப்ப ஒருவர், பஸ் காசு, வேலைக்குப் போகாத நாளின் கூலி என்று பார்த்தால் பத்தாயிரத்துக்குள் அடங்கும் செலவு. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் துண்டுக் கடதாசியின் பெறுமதி வேறு. மானிப்பாயில் அச்சகமும் ஆஸ்பத்திரியும் நடத்தி ஊராருக்குத் தொழில் பழக்கிய அமெரிக்க மிசனின் வழிவந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் காசு பெரும்பாலும் கோபுரத்துக்கும் மணிக்கும் பெருநாளுக்கும் வருகிறது. ஒரு கனடிய டொலர் 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. மாதம் 25 டொலர் அனுப்பும் ஒருவர், மேலே சொன்ன 5,000 ரூபாய் மாத உதவியைத் தனி ஆளாகத் தாங்கலாம்.

இனிக் காணி. பல தேவாலயங்களுக்குத் தரிசாகக் கிடக்கும் நிலம் உண்டு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதில் எட்டுப் பரப்பைக் குத்தகை இல்லாமல் கொடுப்பதானால் ஒரு போகத்துக்கு மட்டும் கொடுக்கக்கூடாது. முதல் போக வெங்காயம் பசளைக் கடனுக்கும் மோட்டர் மின்சாரத்துக்கும் போய்விடும். குறைந்தது மூன்று போகம் என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். பெறுகிற குடும்பம் ஞாயிறு பூசைக்கு வருகிறதா, பக்கத்துச் சைவக் குடும்பமா என்பதைக் காணிக்கான படிவத்தில் கேட்கவே கூடாது.