பழைய கோட்டையில் ஒரு புத்தகக் கிடங்கு

பாக்கி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போனவருடைய மகன், புதிதாகக் கடை வைக்கிறேன் என்று நம்மிடம் சரக்குக் கேட்டு வந்தால் என்ன சொல்வோம்? "அப்பா கணக்கை முதலில் முடியுங்கள் தம்பி" என்போம். நாற்பது வருடமாக மண்டியில் உட்கார்ந்திருக்கும் நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். யெல்லா லெப்மன் என்ற அம்மையாரின் வரலாறு என்னை யோசிக்க வைத்தது.

ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இட்லர் ஆட்சிக்குத் தப்பி, பிள்ளைகளுடன் 1936இல் இங்கிலாந்து சென்றார். 1945இல் அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராகத் திரும்பியபோது எங்கும் இடிபாடு. பசித்த குழந்தைகளுக்கு நல்ல புத்தகமும் இல்லை. கையில் பணமில்லாத அம்மையார், குழந்தைப் புத்தகங்களை இனாமாக அனுப்பும்படி 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்.

பெல்ஜியம் மறுத்தது. ஜெர்மன் படையிடம் இரண்டு முறை அடிபட்ட நாடு, கோபம் நியாயமே. அம்மையார் விடாமல் மறுபடி எழுதினார். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டார். பெல்ஜியத்திலிருந்தும் புத்தகங்கள் வந்தன.

1946இல் மியூனிக் நகரில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். 1949இல் அது சர்வதேசக் குழந்தைகள் நூலகமாயிற்று. நூலகம் வளர்ந்து, இடம் போதாமல், 1983இல் புளூட்டன்பர்க் கோட்டைக்கு மாறியது. 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதை இடிக்கவில்லை, முற்றத்துக்கு அடியில் நிலவறை தோண்டிப் புத்தகங்களை இருப்பு வைத்தார்கள். இன்று 6 இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. பழைய கடைக் கட்டடத்தை இடிக்காமல் கிடங்கு பெருக்க வழி தேடும் நம்மவர்களும் இதைக் கவனிக்கலாம்.

போன தீபாவளிக்கு முன் என் மண்டிக்கும் அப்படியொரு பையன் வந்தான். தகப்பன் வைத்த பாக்கி என் பழைய பேரேட்டில் இன்னும் இருக்கிறது. அதை அவன் தலையில் எழுதவில்லை. பாதி ரொக்கம், பாதி தவணை என்று பேசி, பருப்பும் எண்ணெயும் ஏற்றி அனுப்பினேன். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. நாளை தவறினாலும் அது அவன் கணக்கு. அவன் அப்பாவின் கணக்கு அல்ல.