பந்து வீசவா, பேட் பிடிக்கவா? பள்ளி மாணவனை எடை போட முடியாமல் திணறிய பேஸ்பால் கிளப்கள்!

2012-ம் ஆண்டு மார்ச் மாதம். ஜப்பானில் உள்ள புகழ் பெற்ற கோஷியன் மைதானத்தில் பள்ளிக்கூட மாணவர்களுக்கான பேஸ்பால் போட்டி நடந்து கொண்டிருந்தது. கேலரியில் சிலர் ஸ்டாப் வாட்ச், பந்தின் வேகத்தை அளக்கும் ராடார் கருவி, நோட்டுப் புத்தகம் சகிதமாக உட்கார்ந்து இருந்தனர். இவர்களுக்கு 'ஸ்கவுட்' என்று பெயர். பெரிய கிளப்களுக்கு திறமையான பையன்களை தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் இவர்கள் வேலை.

அன்று அவர்கள் கண் எல்லாம் ஹனமாகி ஹிகாஷி பள்ளி மாணவன் ஷோஹெய் ஓத்தானி மேல்தான். வயது 17. உயரம் 6 அடி 4 அங்குலம்.

எதிர் அணியான ஒசாகா தோயின் பள்ளியின் சூப்பர் பிட்சர் புஜினாமி. (பிட்சர் என்றால் பந்து வீசுபவர்). அவர் வீசிய பந்தை ஓத்தானி தூக்கி அடித்தான். ஹோம் ரன்! அடுத்து அவனே பந்து வீசவும் வந்தான். 11 பேரை அடிக்க விடாமல் அவுட் ஆக்கினான். ஆனால் தாறுமாறாக வீசியதால் 11 பேருக்கு சும்மாவே முதல் பேஸ் கிடைத்தது. கடைசியில் அவன் அணி 2-9 என்று தோற்றுப் போனது.

ஸ்கவுட்களுக்கு தலை சுற்றியது. நோட்டில் என்னவென்று எழுதுவது? பிட்சர் என்றா, பேட்டர் என்றா?

ரெண்டு ஷிப்ட் வேலை

'இதில் என்ன குழப்பம்? நம்ம கபில்தேவ் பந்தும் வீசினார், பேட்டும் பிடித்தாரே' என்று நீங்கள் கேட்கலாம். கிரிக்கெட்டில் ஆல்-ரவுண்டர் சகஜம். பேஸ்பால் கதையே வேறு.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒரு அணி சுமார் 6 மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. அனேகமாக தினமும் ஆட்டம்தான். பேட்டர் தினமும் ஆட வேண்டும். ஆட்டத்தை தொடங்கி வைக்கும் பிட்சர் அப்படி இல்லை. ஓடி வராமல், நின்ற இடத்தில் இருந்தே 150 கிலோ மீட்டர் வேகத்தில் 90, 100 பந்துகள் வீசுவார். அத்தோடு தோளும் முழங்கையும் வீங்கிப் போகும். பிறகு 4, 5 நாள் ஓய்வு. ஜப்பானில் வாரத்துக்கு ஒரு நாள்தான் வீச்சு.

ஆக ஒருவருக்கு தினக்கூலி, இன்னொருவருக்கு வாரக்கூலி மாதிரி. பயிற்சியும் வேறு, ஓய்வும் வேறு. ரெண்டையும் ஒரே ஆள் பார்ப்பது என்றால் பகல் ஷிப்ட் முடித்து விட்டு அப்படியே ராத்திரி ஷிப்டுக்கும் போவது போலத்தான். அமெரிக்காவில் பேப் ரூத் 1918, 1919-ம் ஆண்டுகளில் ரெண்டும் செய்தார். 1920-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு போனபிறகு அவரும் பந்து வீச்சை கிட்டத்தட்ட மூட்டை கட்டி விட்டார். அதன் பின் ஏறக்குறைய 100 ஆண்டுகள், பையன்கள் எல்லோரிடமும் 'ஒன்றை விட்டு விடு' என்றே சொல்லி வந்தார்கள்.

20-ல் இருந்து 80 வரை மார்க்

ஸ்கவுட்கள் மார்க் போடும் முறை விசித்திரமானது. 100-க்கு அல்ல. 20 தான் குறைந்த மார்க், 80 தான் அதிகம். மேஜர் லீக்கில் ஆடும் சராசரி வீரனுக்கு 50. பேட்டர் என்றால் பந்தை தொடும் திறமை, அடியின் பலம், ஓட்டம், பீல்டிங், எறியும் கை என்று 5 பாடம். பிட்சர் என்றால் அவன் வீசும் ஒவ்வொரு வகை பந்துக்கும் தனி மார்க், குறி தவறாமல் வீசுவதற்கு தனி மார்க்.

ஓட்டத்துக்கு வாட்ச் இருக்கிறது. பேட்டர் அடித்ததும் முதல் பேசுக்கு 90 அடி ஓட வேண்டும். இடது கை பேட்டர் 4.2 விநாடியில் போனால் 50 மார்க் தரலாம். வேகப்பந்துக்கு ராடார் இருக்கிறது. இதெல்லாம் சுலபம். யார் வேண்டுமானாலும் அளந்து விடலாம்.

கஷ்டம் எங்கே என்றால், ஒவ்வொரு பாடத்திலும் ரெண்டு மார்க் போட வேண்டும். ஒன்று இன்றைய மார்க். இன்னொன்று, 5, 6 வருஷம் கழித்து இவன் எப்படி இருப்பான் என்கிற மார்க். இன்றைக்கு 35, நாளைக்கு 70 என்று எழுதும் ஸ்கவுட் தன் வேலையையே பணயம் வைக்கிறார் என்று அர்த்தம். எலும்பு இன்னும் வளருமா, உடம்பில் சதை போடுமா, அடி வாங்கினால் துவண்டு போவானா என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட மாட்டுச் சந்தையில் கன்றுக்குட்டியின் பல்லையும் காலையும் பார்த்து விலை பேசுவது போலத்தான்!

10 கிண்ணம் சோறு

ஓத்தானி பிறந்தது 1994-ம் ஆண்டு, வடக்கு ஜப்பானில் இவாத்தே மாநிலத்தில். அப்பா கார் தொழிற்சாலை தொழிலாளி. கம்பெனி அணியில் பேஸ்பால் ஆடியவர். அம்மா பேட்மிண்டன் வீராங்கனை. அப்பாவே பையனுக்கு கோச். இருவரும் ஒரு நோட்டில் மாறி மாறி எழுதி வந்தார்கள். சத்தமாக குரல் கொடு, பந்தை பிடித்து எறியும் பயிற்சியை ஒழுங்காக செய், எப்போதும் முழு வேகத்தில் ஓடு. அப்பா அடிக்கடி எழுதிய மூன்று விஷயம் இவைதான்.

பள்ளியில் சேர்ந்தபோது ஒல்லிக்குச்சி. கோச் ஹிரோஷி சசாகி அவசரப்படவில்லை. எலும்பு வளர்ச்சி முடியாத பையனை பந்து வீச விட்டால் கை போய் விடும் என்று முதலில் பீல்டிங்கில் நிறுத்தினார். தினம் 10 கிண்ணம் சோறு சாப்பிடச் சொன்னார்கள். பள்ளியை முடிப்பதற்குள் சுமார் 20 கிலோ எடை கூடியது.

81 கட்டம் போட்ட ஒரு தாளில் அவன் தன் லட்சியத்தை எழுதி வைத்தான். நடுக்கட்டத்தில் '8 கிளப்கள் என்னை முதலாவதாக தேர்வு செய்ய வேண்டும்'. சுற்றிலும் 160 கிலோ மீட்டர் வேகம், உடம்பு, மனசு என்று பல கட்டங்கள். அதிர்ஷ்டம் வர என்ன செய்வது என்பதற்கு அவன் எழுதியவற்றில் ஒன்று, குப்பை பொறுக்குவது!

2011-ல் இடுப்பு எலும்பில் காயம் ஏற்பட்டது. மாதக்கணக்கில் பந்து வீச முடியவில்லை. சும்மா இருப்பானேன் என்று பேட்டை பிடித்து அடித்துக் கொண்டே இருந்தான். நாம் முதலில் பார்த்தோமே, அந்த ஹோம் ரன் அப்படி வந்ததுதான். காயம் வராமல் இருந்திருந்தால் அவனும் பத்தோடு பதினொன்றாக ஒரு பிட்சர் ஆகி இருப்பான் என்றே தோன்றுகிறது.

2012 ஜூலையில் ராடார் கருவி 160 கிலோ மீட்டர் காட்டியது. ஜப்பான் பள்ளி மாணவர் யாரும் அதுவரை தொடாத வேகம். (கிரிக்கெட்டில் சோயிப் அக்தர் 2003 உலக கோப்பையில் வீசியது 161.3. அதுவும் எல்லைக்கோட்டு பக்கம் இருந்து ஓடி வந்து).

30 பக்க 'கல்யாண பத்திரிகை'

அமெரிக்க கிளப்கள் ஓடி வந்தன. ஆனால் அவர்கள் பார்த்தது பிட்சரை மட்டும்தான். அக்டோபர் 21-ந்தேதி ஓத்தானி 'நான் நேராக அமெரிக்கா போகிறேன்' என்று அறிவித்து விட்டான். இதனால் ஜப்பான் கிளப்கள் ஒதுங்கிக் கொண்டன. 4 நாள் கழித்து நடந்த வீரர்கள் தேர்வில் புஜினாமிக்கு 4 கிளப்கள் போட்டி போட்டன. ஓத்தானி பெயரை சொன்னது ஹொக்கைடோ நிப்பான் ஹாம் பைட்டர்ஸ் ஒன்றுதான். வராத பையனுக்காக முதல் வாய்ப்பையே வீணடிப்பதா என்று பலர் தலையில் அடித்துக் கொண்டார்கள்.

பைட்டர்ஸ் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். 'கனவுக்கான வழிகாட்டி' என்ற பெயரில் சுமார் 30 பக்கத்துக்கு அறிக்கை தயாரித்து, பெண் கேட்டுப் போவது போல் வீட்டுக்கே கொண்டு போனார்கள். சின்ன வயதில் வெளிநாடு போன வீரர்கள் என்ன ஆனார்கள் என்று அதில் கணக்கு போட்டுக் காட்டி இருந்தார்கள். பிறகு போட்டார்கள் பாருங்கள் ஒரு போடு. 'எங்களிடம் வந்தால் பந்தும் வீசலாம், பேட்டும் பிடிக்கலாம்'. வேறு எந்த கிளப்பும் இதைச் சொல்லவில்லை. டிசம்பரில் ஓத்தானி சம்மதித்தார்.

மானேஜர் ஹிடேகி குரியாமா சொன்ன சொல்லை காப்பாற்றினார். வாரத்தில் ஒரு நாள் பந்து வீச்சு. அதற்கு முதல் நாளும் மறுநாளும் பெரும்பாலும் ஓய்வு. மற்ற நாட்களில் பேட்டிங். முதல் ஆண்டு சுமார்தான். 3 வெற்றி, 3 ஹோம் ரன். பழைய வீரர்கள் பலர், பையனை கெடுக்கிறார்கள் என்று திட்டினார்கள். 2014-ல் 11 வெற்றி, 10 ஹோம் ரன். ஒரே சீசனில் ரெண்டிலும் இரட்டை இலக்கம் தொட்ட முதல் ஜப்பான் வீரர் இவர்தான். 2016 ஜூலையில் ஒரு ஆட்டத்தின் முதல் பந்தையே ஹோம் ரன் அடித்து விட்டு, 8 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசினார். அந்த ஆண்டு கோப்பையும் பைட்டர்சுக்கே.

மறுபடியும் அதே கேள்வி

2017 டிசம்பரில் அமெரிக்காவின் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தார். 25 வயது ஆகாத வெளிநாட்டு வீரர் என்பதால் விதிப்படி 23 லட்சம் டாலர்தான் கையில் கிடைத்தது. 2 வருஷம் பொறுத்திருந்தால் அதைப்போல பல மடங்கு அள்ளி இருக்கலாம்.

2018 பயிற்சி ஆட்டங்களில் படுதோல்வி. 32 தடவையில் 4 முறைதான் சரியாக அடித்தார். பந்து வீச்சிலும் செம அடி வாங்கினார். 'இவர் பள்ளிக்கூட பையன் மாதிரி பேட் பிடிக்கிறார்' என்று ஸ்கவுட்கள் சொன்னதாக பத்திரிகையில் வந்தது. ஓத்தானி வாய் திறக்கவில்லை. அடிக்கும் முன் முன்னங்காலை தூக்கும் பழக்கத்தை விட்டு விட்டு, குதிகாலை மட்டும் லேசாக அசைத்து அடிக்கத் தொடங்கினார். ஏப்ரல் முதல் வாரத்தில் அடுத்தடுத்து 3 ஆட்டத்தில் ஹோம் ரன். ஸ்கவுட் நோட்டில் இதற்கு மட்டும் வாட்சும் கிடையாது, ராடாரும் கிடையாது. தப்பை எத்தனை நாளில் திருத்திக் கொள்கிறான் என்பதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

பயந்தது போலவே முழங்கையும் போனது. 2018-லும் 2023-லும் ஆபரேஷன். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் பந்து வீச முடியாது. வெறும் பிட்சராக இருந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இவர் 2019-லும் 2024-லும் பேட்டை வைத்தே பிழைத்தார். பிழைத்தார் என்ன, 2024-ல் 54 ஹோம் ரன்! அதற்கு முன்பே டாட்ஜர்ஸ் அணி 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு இருந்தது.

எல்லோருக்கும் இப்படி அமைவது இல்லை. 2017-ல் அமெரிக்க தேர்வில் 4-வது ஆளாக எடுக்கப்பட்ட பிரெண்டன் மெக்கேயும் ரெண்டும் செய்பவர்தான். தோள், முழங்கை என்று அடுத்தடுத்து ஆபரேஷன். 2019-க்கு பிறகு மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. அதே தேர்வில் 2-வதாக வந்த ஹன்டர் கிரீனும் பள்ளியில் பேட்டிங்கில் வெளுத்து வாங்கியவர்தான். அவரை கிளப் சீக்கிரமே பிட்சர் ஆக்கி விட்டது. பேட்டை விடாமல் இருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது.

2025 அக்டோபர் 17-ந்தேதி லாஸ் ஏஞ்சல்சில் மில்வாக்கி அணியுடன் டாட்ஜர்ஸ் மோதியது. ஜெயித்தால் இறுதிச் சுற்று. ஓத்தானி 10 பேரை அடிக்க விடாமல் அவுட் ஆக்கினார். ரன் ஒன்று கூட கொடுக்கவில்லை. அதே ஆட்டத்தில் 3 ஹோம் ரன்னும் அடித்தார். அப்போது அவருக்கு வயது 31.