உச்சி வெயிலுக்கு ஒரு சின்னக் கெமரா

ஏப்ரல் முதல் வாரம் முடிகிற நாட்களில், நண்பகல் தாண்டிச் சில நிமிடங்களில், கொழும்பில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை. 7 பாகை வட அகலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இது ஆண்டுதோறும் வருகிற கதைதான். அந்த நேரத்தில் கிராண்ட்பாஸ் வீதியில் ஒருவரை நிற்கவைத்துப் படம் பிடித்தால் நெற்றியும் மூக்கும் வெளுத்துப் போயிருக்கும், கண்கள் இரண்டும் கறுத்த குழிகளாய் விழுந்திருக்கும். வெளியில் அன்றாடம் படம் எடுக்க ஒரு சின்னக் கெமரா வாங்க நினைப்பவர், கடைப்பக்கம் போகுமுன் இந்த வெயிலை நினைத்துக்கொள்வது நல்லது.

சட்டைப்பையில் அடங்கும் கெமராவின் காலம் முடிந்துவிட்டதென்று சில ஆண்டுகளுக்கு முன் பலரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஜப்பானியக் கெமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில், 2010இல் கழற்ற முடியாத லென்ஸ் கொண்ட டிஜிட்டல் கெமராக்கள் 10 கோடிக்கு மேல் சந்தைக்குப் போயின. 2023இல் அது 20 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மிச்சத்தைப் போன் விழுங்கியது. ஆனால் 2024இல் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. 2016இல் வந்த ஒரு சின்னக் கெமராவைக் கெனன் கம்பனி 2025இல் பெரிய மாற்றம் எதுவுமின்றித் திரும்பவும் விற்பனைக்கு விட்டது. பழையதைத் தேடி வாங்கும் இளையவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதுதான் காரணம்.

வாங்குபவர் முதலில் கேட்பது, “எத்தனை மெகாபிக்சல்?” என்பது. கடைக்காரருக்கும் அது வசதியான கேள்வி. ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. உலகப் பத்திரிகைகளின் புகைப்படக்காரர்கள் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது பலர் கையில் இருந்தது, 1999இல் நிக்கோன் வெளியிட்ட டி1. அதன் அளவு 2.7 மெகாபிக்சல். அதில் எடுத்த படங்கள் முதல் பக்கத்தில் பெரிதாகவே வந்தன. கணக்கும் எளிது: ஸ்டூடியோவில் கழுவித் தரும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும், ஏ4 தாள் முழுக்க அச்சடிக்க 9 போதும். இன்று கடையில் இருக்கும் எந்தக் கெமராவும் இதைத் தாண்டியது. இணையத்தில் மலிவாக வரும் “48 மெகாபிக்சல்” பொம்மைக் கெமராக்கள் பலவும் சின்னப் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கித் தருபவை. அவற்றை விட்டுவிடலாம்.

பார்க்க வேண்டியது, வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சரின் பரப்பு. சாதாரணச் சின்னக் கெமராவில் இருப்பது “1/2.3 அங்குலம்” எனப்படும் வகை. அகலம் ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர், உயரம் 4.6. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அடுத்த படியில் இருக்கும் “1 அங்குல” சென்சர் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், பரப்பில் நான்கு மடங்கு. (எங்கே அளந்தாலும் ஓர் அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கெமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) பரப்புக் கூடினால் ஒரே நேரத்தில் விழும் வெளிச்சமும் கூடும். வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மழை இருட்டில், மாலை ஆறரை மணிக்கு, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மதில் ஓரத்தில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: சின்ன சென்சரில் கல்லின் சொரசொரப்பெல்லாம் மணல் தூவியதுபோல் கலங்கிப்போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நல்ல விலையுள்ள போன்களின் பிரதான கெமராவில் இப்போது 1/2.3 அங்குலத்தைவிடப் பெரிய சென்சர் இருக்கிறது. ஆகவே மலிவான சின்னக் கெமரா போனைவிடத் தெளிவான படம் தரும் என்று நம்பி வாங்குபவர் ஏமாந்துபோவார். அதை வாங்க இரண்டே காரணங்கள்தாம் உண்டு: ஸூம், பிளாஷ்.

ஸூமைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. லென்ஸ் நீண்டு செய்வது உண்மையான ஸூம். “டிஜிட்டல் ஸூம்” என்பது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. ஜூன் 13 அந்தோனியார் திருநாளில் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து சொரூபத்தின் முகத்தை எடுக்கவோ, ஆடிவேல் தேர் தூரத்தில் திரும்பும்போது பிடிக்கவோ 10 மடங்கு ஸூம் தாராளம். 2018இல் வந்த கெனன் எஸ்எக்ஸ்740 போல 40 மடங்கு போகும் கெமராக்களும் இருக்கின்றன. முழு நீளத்தில் கை நடுங்காமல் பிடிப்பது தனி வித்தை. கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளில் தேவை இதற்கு நேர் எதிரானது. பின்னால் நகர இடமே கிடைக்காது. அங்கே 28இல் தொடங்கும் லென்ஸைவிட 24 மில்லிமீற்றரில் தொடங்கும் அகலமான லென்ஸ் உதவும்.

பிளாஷ்தான் பலரும் கவனிக்காத செல்வம். பெரிய கெமராக்களில் ஷட்டர் திரைபோல ஓடும். பெரும்பாலானவற்றில் வினாடியில் 200இல் அல்லது 250இல் ஒரு பங்குக்கு மேல் வேகம் கூட்டினால் சாதாரண பிளாஷ் ஒத்துழைக்காது. சின்னக் கெமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாகத் திறக்கும். எந்த வேகத்திலும் ஒரு கணம் முழுதாகத் திறந்துவிடுவதால், 1000இல் ஒரு பங்கு வேகத்திலும் பிளாஷ் வெளிச்சம் படத்தில் விழும். நண்பகல் வெயிலில் ஒன்றரை மீற்றர் தூரத்தில் நிற்பவரின் கண்குழி இருட்டை நிரப்ப அந்தக் குட்டி பிளாஷ் போதும். நமது கறுப்பு, மாநிற முகங்களுக்கு வெள்ளைச் சுவரும் வானமும் பின்னணியாக இருக்கும்போது இது இல்லாவிட்டால் முகமே இராது. ஆனால் ஆட்டோவில் விட்டால் கெமரா “வெளிச்சம் போதும்” என்று பிளாஷை அடிக்காது. திரையில் ‘ஏ’ எழுத்தோடு வரும் மின்னல் குறியை மாற்றி, வெறும் மின்னல் குறியில் வைக்க வேண்டும். போனில் இருப்பது சிறிய எல்ஈடி விளக்கு. அந்த வெயிலில் அது எரிவதே தெரியாது. புகழ்பெற்ற ரிக்கோ ஜிஆர் 3இல் பிளாஷே கிடையாது என்பதையும் விலை கேட்குமுன் தெரிந்துகொள்ளலாம்.

அதே வெயிலில் பின்பக்கத் திரையும் மங்கிவிடும். கண்ணை வைத்துப் பார்க்கும் துளை உள்ள கெமரா கிடைத்தால் அதிர்ஷ்டம். 2012இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்100, 1 அங்குல சென்சரைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த கெமரா. பற்றரியோடு எடை 240 கிராம். அதில் துளை இல்லை, போனுக்கு நேரே படம் அனுப்பும் வசதியும் இல்லை. 2014இல் வந்த மூன்றாம் பதிப்பில் மேலே எழும்பும் துளை சேர்ந்தது. இரண்டிலும் பிளாஷ் உண்டு. பழையதாக வாங்க நினைப்பவருக்கு இந்த வரிசைதான் பொருத்தம்.

பழையது என்றால் கொழும்பில் முதல் எதிரி பூஞ்சை. கடலும் களனி கங்கையும் பக்கத்தில் இருக்கிற ஊர். காற்றின் ஈரம் வருடம் முழுவதும் பூஞ்சைக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே நிற்கும். கெமராவை இயக்கி, லென்ஸ் வெளியே வந்ததும், ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி நூல் போன்ற இழைகள் கிளைத்துப் போயிருந்தால் வேண்டாம். பிரித்துத் துடைக்கிற செலவு கெமராவின் விலையைத் தாண்டும். பற்றரி தானாக வழுக்கி வெளியே வர வேண்டும். இழுத்து எடுக்கவேண்டி வந்தால் அது வீங்கிவிட்டது. வாங்கிய பிறகு அலுமாரியில் தோலுறைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சைக்குச் சோறு போடுகிற வேலை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கெமராவை எடுக்காமல் கால் மணி நேரம் பையிலேயே விட்டால் லென்ஸில் நீர் படியாது.

வாங்கிய பின் வரும் இன்னொரு தொல்லை விளக்குகளின் துடிப்பு. வெசாக் இரவில் தோரணம் எடுக்கும்போது விளக்குகள் பாதி இருண்டு, கோடு கோடாக விழுவதுண்டு. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 50இல் அல்லது 100இல் ஒரு பங்கில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நல்ல போன் கையில் இருந்து, ஸூமும் பிளாஷும் தேவைப்படாதவர் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போகும்போது சொந்த மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். கடை வாசலில் நின்று மூன்று படங்கள் எடுங்கள்: வெயிலை முதுகில் வாங்கி நிற்பவரின் முகம், பிளாஷோடு; தெருக்கோடிப் பெயர்ப்பலகை, முழு ஸூமில்; கடையின் இருண்ட மூலை, பிளாஷ் இல்லாமல். வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் போய்க் காசைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.