மூன்று நாள் கடல், தொண்ணூறு நிமிட ஆட்டம்

நவம்பர் மாதம் மாலை ஐந்தேகாலுக்கு மேல் அந்தமானின் சௌல்தாரி கிராமத்தில் பந்து கண்ணுக்குத் தெரியாது. அதே நேரத்தில் மெரினா மணலில் பையன்கள் அப்போதுதான் கல்லை நட்டு கோல் போஸ்ட் வைத்துக்கொண்டிருப்பார்கள். இந்திய நேரம் 82.5 பாகைக் கோட்டை வைத்துப் போட்ட கணக்கு; அந்தமான் கிடப்பதோ 92 பாகைக்கும் கிழக்கே. கடிகாரத்தைவிட சூரியன் நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. ஜூலையில்கூட ஆறு மணிக்குள் விழுந்துவிடும். நாலு மணிக்கு வகுப்பு முடிந்து, பூட்ஸ் கட்டி இறங்குகிற கல்லூரி மாணவனுக்கு நவம்பரில் கிடைப்பது முக்கால் மணி நேர வெளிச்சம். அதற்குப் பிறகு ஊருக்குப் போகிற எஸ்.டி.எஸ். அரசுப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். விட்டால் யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்துஸ்தானியில் ‘சோல்தாரி’ என்றால் சின்னக் கூடாரம். கூடாரம் அடித்துத் தங்கியவர்கள் நிலைத்துப்போன தீவுகள்தானே இவை. தமிழ், வங்காளம், மலையாளம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ் பேசுவோர் மட்டும் சுமார் 15 விழுக்காடு. மைதானத்தில் இந்தி. கோபம் வந்தால் அவரவர் தாய்மொழி.

இந்த ஊர்களிலிருந்து கல்லூரிக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜே.என்.ஆர்.எம். முழுப்பெயர் ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா. 1967-ல் போர்ட் பிளேரில் தொடங்கியது. (2024 செப்டம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் வாயைவிட்டுப் போகக் காலம் பிடிக்கும்.) ஆரம்பத்தில் கல்லூரி இணைந்திருந்தது எங்கே தெரியுமா? சண்டிகரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு. வங்கக் கடலில் இருக்கும் கல்லூரிக்கு இமயமலை அடிவாரத்திலிருந்து பட்டம்! 1985-ல் புதுவைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு அதன் கீழ் போனது. அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லையையும் வரைபடத்தில் பார்க்க வேண்டும்: தமிழகக் கரையில் புதுச்சேரி, காரைக்கால், ஆந்திரக் கரையில் ஏனாம், கேரளக் கரையில் மாஹே, கடலுக்குள் லட்சத்தீவும் அந்தமானும். கால்பந்து கண்ணோடு பார்த்தால் இதில் மாஹே ஒரு வம்பு. கண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் துண்டு நிலத்துப் பையன்கள் மலபார் மண்ணில் பந்து உதைத்து வளர்கிறவர்கள்.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் ஒரு போட்டி, ஒரு தேர்வு என்றால் தீவு அணிக்கு அது சுமார் 1,400 கிலோமீட்டர். சென்னை வரை விமானத்தில் இரண்டரை மணி நேரம். ஆனால் பதினாறு, பதினெட்டு பேருக்கு விமான டிக்கெட் என்றால் எந்த அலுவலகக் கோப்பும் கொஞ்சம் யோசிக்கும். கப்பல் என்றால் போர்ட் பிளேரின் ஹட்டோ துறைமுகத்தில் ஏறி, பங்க் வகுப்பில் படுத்து, மூன்று நாள். மாதத்தில் சில முறைதான் கப்பல். அதுவும் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் தள்ளிப்போகும். பல்கலைக்கழகப் போட்டிகள் சூடுபிடிக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் வங்கக் கடலில் புயல் பிறக்கும் மாதங்களும்.

மூன்று நாள் பங்க்கில் ஆடியபடி வந்தவன் சென்னையில் இறங்கியதும் ஒரு வேடிக்கை நடக்கும். தரை ஆடும். குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கண்ணை மூடினால் படுக்கை மேலே ஏறி இறங்கும். அந்தக் காலோடுதான் மறுநாள் பந்தை நிறுத்தித் தட்ட வேண்டும். பயிற்சியாளர் என்ன வியூகம் வகுத்தாலும் காதுக்குள் இருக்கிற கடல் வடிவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். போட்டியோ பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் அன்றே மூட்டை கட்டலாம். திரும்பும் கப்பல் மட்டும் அன்றே இருக்காது.

பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தவனுக்கு அதற்கு மேலும் படிகள் உண்டு. தென் மண்டலத்தில் தேறினால் அகில இந்தியப் போட்டி. அங்கே பெரிய பரிசு சர் அசுதோஷ் முகர்ஜி பெயரிலானது. கோழிக்கோடு போன்ற பல்கலைக்கழகங்களைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். அமெரிக்காவில் ‘கல்லூரிக் கால்பந்து’ என்று சொல்லிக் கையால் ஒரு ஆட்டம் ஆடுகிறார்களே, அங்கே ஒரு சீசனுக்கு 12 ஆட்டம் உறுதி. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நம் தீவு மாணவனுக்கு முதல் ஆட்டத்திலேயே சீசன் முடிந்துபோக வாய்ப்பு உண்டு.

மழையைச் சொல்லவில்லையே. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஏதோ ஒரு பருவமழை. சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு நிமிர்வதற்குள் கரைந்துவிடும். பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து இரவெல்லாம் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் காலையில் ஈரம் ஈரம்தான். ஒரு பலன் உண்டு: சேற்றில் பழகியவனைச் சறுக்க வைப்பது கஷ்டம்.

இத்தனைக்கும் நடுவே இங்கே கால்பந்து பிழைத்திருப்பதற்கு என் பார்வையில் பாதிக் காரணம் நிக்கோபாரிகள். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில் கார் நிக்கோபார். அங்கே மூஸ் கிராமத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பள்ளி நடத்தியவர், மதராஸிலிருந்து போன வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார். அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் பர்மாவில் மாண்டலே மிஷன் பள்ளிக்குப் போய், 1912-ல் ஆசிரியராகத் திரும்பினான். அவர்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரியில் தந்தவர். முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர். தீவில் கால்பந்தைப் பரப்பியவர் என்றும் அவரையே சொல்கிறார்கள். ஒரு மதராஸ் வாத்தியார் போட்ட விதை எங்கே சுற்றி எங்கே முளைத்தது பாருங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைக் கடல் கொண்டுபோனது. ஊர்கள் உள்ளே தள்ளிப் புதிதாக எழுந்தன. பந்தும் கூடவே போனது. மேல்படிப்புக்கு அந்தப் பிள்ளைகள் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வருகிறார்கள், விடுதியில் தங்குகிறார்கள். சௌல்தாரிப் பையன் பேருந்துக்கு ஓடிய பிறகும், விடுதிக்காரர்கள் பந்து கண்ணுக்கு மறையும்வரை உதைத்துக்கொண்டிருப்பார்கள்.

டிசம்பர் நெருங்கும்போதுதான் அவர்களுக்குச் சிக்கல். கார் நிக்கோபாரில் கிறிஸ்துமஸ் என்றால் ஊர் முழுக்கப் பன்றி அடித்து, ஆடிப்பாடி, நாள்கணக்கில் நடக்கிற விழா. வீட்டுக்குப் போகும் கப்பலும் ஆட்டத்துக்குப் போகும் கப்பலும் அடுத்தடுத்த நாளில் புறப்படுவதாக அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டியிருக்கும். விடுதி வாசலில் நிற்கும் கோல்கீப்பரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. எந்தக் கப்பல் முதலில் தள்ளிப்போகிறது என்று பார்க்கலாம் என்று அவனும் பையைக் கட்டாமல் வைத்திருக்கிறான்.