காட்டின் குரலைத் தேடி

காடு அமைதியின் உறைவிடம் என்று நாம் கட்டுரைகளில் எழுதுகிறோம். அப்படி எழுதுபவர் ஆனைமலைச் சோலையில் ஒரு விடியற்காலையைக் கழித்தால், அந்த வாக்கியத்தைத் தாமே அடித்துவிடுவார். நான் அங்கே சென்றது அவ்வோசைகளைப் பதிவு செய்து வருவதற்காக. ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடு சென்றேன். அந்த எண்ணம் நெடுநாள் நீடிக்கவில்லை.

பறவைக் குரலின் பதிவுகளுள் நாம் அறிந்த மிகப் பழையது 1889-இல் ஜெர்மனியில் செய்யப்பட்டது. செய்தவர் லூத்விக் காக் என்ற எட்டு வயதுச் சிறுவர். எடிசனின் கருவியைக் கொண்டு, மெழுகு உருளையில், வீட்டில் கூண்டில் வளர்ந்த ஷாமாப் பறவையின் பாட்டை அவர் பிடித்து வைத்தார். ஷாமா நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் பாடும் பறவை. அந்தப் பதிவில் பறவை உண்டு. அதன் காடு இல்லை. நான் செய்த பிழையும் ஏறக்குறைய அதுவே.

மலையோடைகளின் ஓரத்தில் சீகாரப் பூங்குயில் என்றொரு கருநீலப் பறவை வாழ்கிறது. அதன் பாட்டு, பள்ளிக்குச் செல்ல மனமில்லாத பையன் வழியெல்லாம் சீழ்க்கையடித்துக்கொண்டு போவது போல் இருக்கும். ஆங்கிலேயர் அதற்குச் 'சோம்பேறிப் பள்ளிச் சிறுவன்' என்றே பெயரிட்டனர். அந்தச் சோம்பேறியைப் பதிவு செய்ய நான் விடியுமுன் எழுந்தேன். வழிகாட்டியாக வந்தவர் காடர் இனத்துப் பெரியவர் ஒருவர்.

ஓடையின் இரைச்சலிலிருந்து அப்பாட்டைப் பிரித்தெடுக்க ஒரு பரவளைவுக் கிண்ணம் வைத்திருந்தேன். டார்ச் விளக்கின் பின்புறத்துக் கண்ணாடி ஒளியைக் குவித்து வெளியே அனுப்புகிறது அல்லவா? இக்கிண்ணம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது; தொலைவிலிருந்து வரும் ஒலியைக் குவித்து நடுவிலுள்ள ஒலிவாங்கிக்குக் கொடுக்கிறது. ஆனால் எல்லா ஒலிகளையும் அது ஒன்றுபோல் குவிப்பதில்லை. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு 2,000 முறை அதிரும் சீழ்க்கையின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்துக்கு அது எளிதில் அகப்படும். வினாடிக்கு 20 முறை அதிரும் ஒலியின் அலைநீளமோ 17 மீட்டர். கிண்ணம் என்ற ஒன்று இருப்பதையே அந்த அலை அறியாது.

பறவை பாடத் தொடங்கியது. இரு காதுகளையும் ஹெட்போனால் மூடிக்கொண்டு, என்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் என் தோளைத் தொட்டார். 'சற்றுப் பொறுங்கள்' என்று கையமர்த்தினேன். மீண்டும் தொட்டார், எனக்குச் சினம் வந்தது. மூன்றாம் முறை அவர் ஹெட்போனையே கழற்றிவிட்டு, "எழுந்திருங்க ஐயா, ஆனை நிக்குது" என்றார். ஓடைக்கு அப்பால் மூங்கில் முறியும் ஓசை அப்போதுதான் எனக்குக் கேட்டது. வந்த வழியே ஓசையின்றிப் பின்வாங்கினோம்.

அன்றிரவு பதிவைப் போட்டுக் கேட்டேன். இனிய சீழ்க்கைக்குப் பின்னால், மிக மெல்லியதாக, தாழ்ந்த உறுமல் ஒன்று இருந்தது. யானைகளின் பேச்சில் ஒரு பகுதி மனிதச் செவி எட்டாத அளவுக்குத் தாழ்ந்தது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில், காதரின் பெய்ன் என்னும் அம்மையார் யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். கருவி கொண்டு ஆராய்ந்தபோது அது யானைகளின் குரலே என்று தெரிந்தது. என் கிண்ணம் சோம்பேறிப் பையனைப் பக்கத்தில் கொண்டுவந்து, யானையைத் தொலைவில் நிறுத்திவிட்டது. பெரியவரிடம் கருவி ஒன்றும் இல்லை. அதனால் அவருக்கு எல்லாம் கேட்டது.

மறுநாள் முதல் முறையை மாற்றினேன். கிண்ணமில்லாமல், இரண்டு ஒலிவாங்கிகளை மரத்தில் கட்டி இரவு முழுவதும் விட்டுவைத்தேன். அப்பதிவில் காடு அடுக்கடுக்காக இருந்தது. சில்வண்டுகள் மேல் சுருதியில், அவற்றுக்குக் கீழே தவளைகள், இடையிடையே ஆந்தை. ஒவ்வோர் உயிரினமும் பிறர் குரல் மறைக்காத சுருதியையோ வேளையையோ தேர்ந்துகொள்கிறது என்பது பெர்னி கிராஸ் என்ற ஒலிப்பதிவாளரின் கருத்து. அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. எனினும் ஓடைகளில் வாழும் நடனத் தவளைகளைப் பார்க்கும்போது அதை ஒதுக்கவும் முடியவில்லை. 2014-இல் மட்டும் இவற்றில் 14 புதிய இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரிக்கப்பட்டன. நீரின் இரைச்சலில் குரல் எடுபடாமல் போகலாம் என்பதாலோ என்னவோ, ஆண் தவளை பின்னங்காலை நீட்டி அசைத்தும் சைகை காட்டுகிறது. ஒலிப்பதிவாளனைத் தோற்கடிக்க இதைவிடச் சிறந்த வழி வேண்டுமா?

அந்த இரவுப் பதிவில் இன்னொன்றும் இருந்தது. தொலைவில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று ஏறிற்று. அதன் உறுமல் யானைக்குரிய அதே தாழ்ந்த இடத்தில் படிந்து, வண்டி போய் மறையும் வரை அங்கே வேறெதையும் கேட்கவிடவில்லை. நம் செவிக்கு அது ஒரு சிறிய இடையூறு. தொலைவிலுள்ள கூட்டத்தை அழைக்கும் யானைக்கு எப்படியோ?

கிண்ணத்தை நான் விட்டுவிடவில்லை. இன்றும் எடுத்துச் செல்கிறேன். ஹெட்போனை மட்டும் ஒரு காதில்தான் வைத்துக்கொள்கிறேன்.